நுரைக்கு மூக்கு வேண்டாம்

காபி என்கிற சாமானை மனுஷன் கண்டுபிடித்த நாள் முதல் நீங்கள் இந்த வரியைப் படிக்கிற இந்த நிமிஷம் வரைக்கும், எங்கள் நாலாவது மாடி நுரையக்கா போடும் பால் காபிக்கு ஈடாக இன்னொரு காபி பூமியில் போடப்பட்டதில்லை. ராஜாக்கள் யாராவது மிச்சம் இருந்து அதைக் குடித்தால், கிரீடத்தைக் கழற்றி நீட்டி "இதுல இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்று கேட்பார்கள். அந்த நுரைமேல் ஒரு யானையை ஏற்றி நிறுத்தினால் அதன் கால்நகம்கூட நனையாது. மேலே போகிற விமானம் ஒன்று வாசனை பிடித்து எங்கள் மொட்டை மாடியில் இறங்கப் பார்த்தது. துணி காயப்போட்டிருந்ததால் மனசில்லாமல் போய்விட்டது. தினமும் சாயங்காலம் ஆறரைக்கு ஒரு டம்ளர் குடிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். இதற்கெல்லாம் நானே சாட்சி.

நுரையக்கா என்பது நான் வைத்த பெயர். முகத்துக்கு நேரே வெறும் அக்கா. அவர் எனக்கு வைத்த பெயர் வாலு. அவருக்கு வயது ஐம்பதைத் தொட்டும் தொடாமலும். வேலை, காபி மெஷின் ரிப்பேர். ஆபீஸ், ஓட்டல், ஆஸ்பத்திரி கேன்டீன் என்று எங்கெல்லாம் பளபளவென்று ஒரு மெஷின் நின்று நீராவி விடுகிறதோ, அங்கெல்லாம் அது மக்கர் பண்ணும்போது அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். காலையில் ஒரு நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். உள்ளே ஸ்பேனர், ரப்பர் வளையம், டார்ச், அடைப்பு எடுக்கும் கம்பி. "எங்கக்கா கிளம்பிட்டீங்க?" என்று கேட்டால், "மூணாவது தெருவுல ஒருத்தருக்கு மூச்சு விட முடியலையாம்" என்பார். ஒருத்தர் என்றால் மெஷின். மனுஷர்களைப் பற்றி அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பேச மனுஷர்களும் அதிகம் இல்லை.

எங்கள் மாடியில் இரண்டே வீடு. ஒன்றில் அக்கா. இன்னொன்றில் நானும் அம்மாவும். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. மத்தியானம் போனால் நான் தூங்கின பிறகுதான் வருவாள். ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டியிருக்கும்: "சாப்பாடு மூடி வச்சிருக்கேன். படி." அந்த "படி"க்குக் காரணம், நான் பத்தாவதில் அறிவியலில் கோட்டை விட்டவள். ஒன்பது மார்க்கில் போயிற்று. பிட் எழுதிக்கொண்டு போனேன். தப்பான பாடத்துக்கு எழுதிக்கொண்டு போய்விட்டேன். அன்றிலிருந்து வீட்டில் "படித்துக்கொண்டு" இருக்கிறேன். படித்த நேரம் போக மீதி நேரத்தில் கட்டடத்துக்கு என்னால் ஆன சேவை. இரண்டாம் மாடி மிதியடிகளை மூன்றாம் மாடிக்கு மாற்றுவது, லிஃப்டில் "இந்த லிஃப்ட் இனி குரலுக்கு வேலை செய்யும், சத்தமாகச் சொல்லவும்" என்று எழுதி ஒட்டுவது. ஒரு வாரம் முழுக்க வாட்ச்மேன் "நாலு! நாலு!" என்று கத்திக்கொண்டே போனார்.

அக்கா வீட்டில் மெஷின் கிடையாது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஊர்ல இருக்கிற மெஷின் எல்லாம் உங்களுக்கு சொந்தக்காரங்க. வீட்ல ஒண்ணு வச்சுக்கக் கூடாதாக்கா?"

"நாள் பூரா அதுங்க அழுகையக் கேட்டுட்டு வர்றேன். வீட்டுக்குள்ளயும் ஒண்ணு உக்காந்து அழணுமா?"

"அப்போ காபிக்கு?"

"ஒரு ஜாம் பாட்டில் போதும்."

போதும்தான். அவர் செய்வதைச் சொல்கிறேன். இடுப்பு ஒடுங்கின ஒரு அலுமினியக் கூஜா வைத்திருக்கிறார். அடிப்பாதியில் தண்ணீர், நடுவில் சல்லடைக் கிண்ணத்தில் காபித்தூள், மேல்பாதி காலி. அடுப்பில் வைத்தால் தண்ணீர் கொதித்துத் தூளைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறி, கறுப்பாக, கெட்டியாக, டிகாக்ஷனாக நிற்கும். அந்த நேரம் பக்கத்து அடுப்பில் பால். பால் பொங்கக் கூடாது. அக்காவைப் பொறுத்தவரை பால் பொங்கவிடுவது கொலைக்கு ஒரு படி கீழே. பாத்திர ஓரத்தில் கடுகளவு குமிழ்கள் வரிசை கட்டினதும் இறக்கிவிடுவார். ஜாம் பாட்டிலில் பாதிவரைக்கும் ஊற்றி, மூடியை இறுக்கி, துண்டால் சுற்றி, மேலும் கீழுமாகக் குலுக்குவார். அப்புறம் மூடியை மெல்ல, ஒரு கோபக்காரரைச் சமாதானம் பண்ணுகிற மாதிரி திறப்பார். புஸ் என்று ஒரு பெருமூச்சு. பாட்டிலின் அடியை மடித்த துணிமேல் இரண்டு தட்டுத் தட்டினால் பெரிய குமிழ்கள் உடைந்து, நுரை புதுச் சுண்ணாம்பு பூசின சுவர்போல வழவழவென்று ஆகிவிடும். டம்ளரில் டிகாக்ஷன், அதன்மேல் ஓரமாகப் பால், கடைசியில் கரண்டியின் முதுகால் நுரை. அவ்வளவுதான். ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே குடிப்பார். ஒரே ஒரு நாற்காலி இருக்கிறது. அதன்மேல் நீலப் பெட்டி உட்கார்ந்திருக்கும்.

இதெல்லாம் பின்னால் நேரில் பார்த்தது. அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவர் வழியாக வரும் சத்தம் மட்டும். களக், களக், களக். நாற்பது தடவை. எண்ணுவேன். வேறு வேலை? அறிவியல் புத்தகத்தை வயிற்றில் கவிழ்த்துப்போட்டுக்கொண்டு, சுவரில் தலையைச் சாய்த்து எண்ணுவேன். நாற்பதாவதில் நின்றதும் எங்கள் வீடு ரொம்ப அமைதியாகிவிடும்.

போன மழைக்காலத்தில் அக்காவுக்குக் கடுமையான ஜுரம். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்கப் போனவர்கள் இரண்டே பேர். ஒருத்தர் அவர் அண்ணன், பள்ளிக்கூட வாத்தியார், இரண்டு தடவை வந்தாராம். இன்னொருத்தி என் அம்மா. துவைத்த விரிப்பை எடுத்துப் போகிற சாக்கில் தினமும் எட்டிப்பார்த்தாள். பன்னிரண்டு நாளும் சுவரில் சத்தம் இல்லை. பதிமூன்றாம் நாள் களக் களக் என்று கேட்டதும் எண்ண ஆரம்பித்தேன். நாற்பதில் நிற்கவில்லை. ஐம்பது. அறுபதில் நின்றது. அதற்குப் பிறகு தினமும் அறுபதுதான்.

உடம்பு சரியில்லாமல் வந்தவர் ஏன் இருபது அதிகமாகக் குலுக்குகிறார் என்று நல்ல பிள்ளைகள் யோசித்திருப்பார்கள். நான் யோசித்தது வேறு.

சிலிண்டர்காரர் வந்தால் திறந்துவிட, அக்கா ஒரு சாவியை எங்கள் வீட்டில் கொடுத்து வைத்திருந்தார். இது கள்ளனிடம் சாவி கொடுத்த கதை என்று நீங்கள் சொல்லலாம், நான் மறுக்கமாட்டேன். ஒரு மத்தியானம், நாலு துண்டு ரொட்டியைக் கரியாகும்வரை வாட்டி, மிக்சியில் அரைத்தேன். நிறம் அசல் காபித்தூள். அக்கா வீட்டைத் திறந்து, அவர் டப்பாவிலிருந்த தூளை ஒரு காகிதத்தில் கொட்டிப் பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டு, டப்பாவில் ரொட்டித்தூளை நிரப்பிவிட்டு வந்தேன்.

ஆறரை மணிக்கு நடையில் நின்று கதவில் காதை வைத்தேன். கூஜா கரகரத்தது. களக் களக், அறுபது. இப்போது குடிப்பார். இப்போது துப்புவார். இப்போது "வாலூ!" என்று ஒரு கூப்பாடு.

ஒன்றும் இல்லை.

பொறுக்க முடியாமல் தட்டினேன். அக்கா கதவைத் திறந்தார். கையில் டம்ளர், மேலுதட்டில் வெள்ளை மீசை. வீடு முழுக்கக் கருகல் நாற்றம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டிய அளவுக்கு.

"என்னடி வாலு?"

"சும்மாதான்... காபி குடிக்கிறீங்களா?"

"இன்னிக்கு நல்லா அமைஞ்சிருக்கு. நுரையைப் பாரு, கத்தி வச்சு வெட்டலாம்."

கிண்டல் பண்ணுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே இன்னொரு வாய் குடித்தார்.

"அக்கா, ஏதோ வாசனை வரல?"

டம்ளர் பாதி வழியில் நின்றது. அவர் மூக்கு லேசாக விரிந்தது. கண் என் முகத்தில் எதையோ தேடியது, பரீட்சையில் பக்கத்து பெஞ்சுக்காரியின் தாளை எட்டிப்பார்க்கிற மாதிரி. அந்தப் பார்வை எனக்கு அத்துப்படி.

"ஆமா ஆமா," என்றார். "கீழ எவனோ குப்பை எரிக்கிறான் போல." போய் ஜன்னலைச் சாத்தினார்.

எவனும் எரிக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். என் வாழ்க்கையிலேயே முதல்தடவையாக ஒரு குறும்பு வேலை செய்தும் சிரிப்பு வரவில்லை. மறுநாள் மத்தியானம் போய் ரொட்டித்தூளை எடுத்துவிட்டு, காகிதத்தில் வைத்திருந்த அசல் தூளைத் திரும்பக் கொட்டினேன். குறைந்த மாதிரி தெரிந்ததால் எங்கள் வீட்டுத் தூளையும் இரண்டு கரண்டி சேர்த்தேன். யாருக்கும் தெரியாது. தெரியக்கூடிய ஒரே மூக்கு வேலை செய்யவில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் ஆஸ்பத்திரியில் யாரிடமாவது கேட்பாள்; அது சுற்றிச்சுற்றி அந்த அண்ணன் காதுக்குப் போகும். அது ஏன் போகக் கூடாது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் ஒருத்தர் அவ்வளவு அவசரமாக ஜன்னலைச் சாத்தினால், அது சாத்தியே இருக்கட்டும் என்றுதான் தோன்றியது.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் நடையில் கேஸ் நாற்றம்.

காலிங் பெல்லுக்குப் போன விரலைப் பாதியில் இழுத்துக்கொண்டேன். அறிவியலில் தோற்றவள்தான். ஆனாலும் பெல்லின் பொறி என்ன செய்யும் என்பது அந்தப் பாடத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வரி. சாவியைப் போட்டுத் திறந்தேன். அக்கா அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தார். ஒரு கையில் போன், "பச்சை விளக்கு எரிஞ்சா தண்ணி டேங்க்கைப் பாருங்க சார்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டு. பால் பொங்கி, அடுப்பை அணைத்து, வழிந்து மேடையெல்லாம் பரவியிருந்தது. பாலைப் பொங்கவிடாத அக்கா. அடுப்பின் திருகு திறந்தபடியே இருக்க, இன்னொரு கையில் லைட்டரை எடுத்து அடுப்புப் பக்கம் நீட்டினார்.

"அக்கா! லைட்டர்ல கரப்பான்!"

லைட்டரை வீசி எறிந்தார். போன் ஒரு பக்கம் விழுந்தது. நான் பாய்ந்து அடுப்புத் திருகைத் திருப்பினேன், சிலிண்டரை மூடினேன், இரண்டு ஜன்னலையும் திறந்தேன்.

"எங்கடி போச்சு?"

"வெளிய போகட்டும்னுதான் ஜன்னலத் திறந்தேன். நல்ல சைஸ்க்கா. மீசை மட்டும் இவ்ளோ நீளம். கொஞ்ச நேரம் நடையில நிப்போம், அது கிளம்பட்டும்."

நடையில் நின்றோம். அக்கா என்னையே பார்த்தார்.

"சரி, நீ எதுக்கு வந்தே?"

பொய் சொல்வதில் எனக்கு இருக்கிற திறமைக்கு அன்றைக்கு நல்லதாக ஒன்று வந்திருக்க வேண்டும். வாயில் வந்தது இதுதான்:

"காபி குடிக்க."

"நீயா?"

"எனக்கு ரொம்பப் பிடிக்கும்க்கா. உங்க காபின்னா உயிர். தினமும் வரட்டுமா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் ஆறரைக்குப் போவேன். உள்ளே நுழைந்ததும் நன்றாக ஒரு மூச்சு இழுப்பேன். "ஆகா என்ன வாசனை" என்று ஒரு டயலாக். அடுப்பை அணைத்த பிறகு இன்னொரு மூச்சு. ஃபிரிட்ஜில் பாலை எடுத்துக் கொடுக்கும்போது திருட்டுத்தனமாக முகர்ந்துவிட்டுக் கொடுப்பேன். ஒருதடவை பால் கெட்டிருந்தது. கைதவறிக் கொட்டினேன், திட்டு வாங்கினேன். எங்கள் கட்டடத்தில் மூக்கை வாடகைக்கு விட்ட ஒரே ஆள் நான்தான்.

நானும் பேசுவேன், அவரும் பேசுவார். அவர் சொல்வதெல்லாம் மெஷின் கதை. வங்கி ஒன்றில் மேனேஜரின் மோதிரத்தை விழுங்கின மெஷின், ஓர் ஆபீஸில் யாருமே பேசாத ஒருத்தர் தினமும் துடைத்து வைக்கிற மெஷின். அந்த ஆபீஸுக்குப் போனால் மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்துவிட்டு வருவேன் என்றார். ஒருநாள் கேட்டேன், "ஏன்க்கா அறுபது தடவை குலுக்குறீங்க?"

"நீ எண்ணுனியா?"

"சுவர் எண்ணுச்சு."

அவர் டம்ளரை உதட்டில் வைத்து, குடிக்காமல் எடுத்தார். "நாற்பது குலுக்குனா நுரை வரும். அறுபது குலுக்குனா அது மெத்தை. உதட்டுல வச்சாலே தெரியும்."

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் அண்ணன் வந்தார்.

நான் உள்ளே இருந்தேன். சட்டை மடிப்புக் கலையாத ஆள். பரீட்சை ஹாலில் பின்னாலிருந்து சத்தம் போடாமல் வருவார்களே, அந்த ரகம். நாற்காலியில் இருந்த நீலப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"டாக்டர் அன்னிக்கே சொன்னார்ம்மா. இந்த ஜுரம் சில பேருக்கு மூக்கைக் கொண்டுபோயிடுமாம். உனக்கு எப்படி?"

"அதெல்லாம் நல்லா இருக்குண்ணே. போன்லயே சொன்னேனே."

"போன்ல மூக்கு தெரியுமா? தனியா இருக்கே, கேஸ் புழங்குறே. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊர் என்னைத்தான் கேக்கும். பேசாம வீட்டைக் காலி பண்ணிட்டு வந்துடு. உன் பழைய இடம் அப்படியேதான் இருக்கு. உங்க அண்ணிக்கும் முட்டிவலி, ஒரு ஆள் கூட இருந்தா நல்லது."

அக்கா கை, கூஜாவின் மூடியை வெறுமனே திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தது.

"மூக்கு சரியாத்தான் இருக்கு," என்றார் மறுபடி.

"அப்போ பரீட்சை வச்சுடுவோம்," என்றார் வாத்தியார். ஜோக்கு இல்லை. பையிலிருந்து பொட்டலங்கள் எடுத்தார். "கண்ணை மூடு. கேக்குறதுக்குப் பதில் சொல்லு. தெரியலன்னா பெட்டியக் கட்டு."

அக்கா கண்ணை மூடினார். முதலில் நறுக்கின வெங்காயம். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. "வெங்காயம்," என்றார். கண்ணே காட்டிக்கொடுத்தது. இரண்டாவது, புது சோப்பு. அக்கா இழுத்தார். இன்னும் இழுத்தார். முகத்தில் ஒன்றும் வரவில்லை.

"அக்கா," என்றேன் சத்தமாக, "அம்மா இன்னிக்கும் துணி துவைக்கப் போயிட்டாங்க. கை பூரா நுரையாம், பாவம்."

"சோப்பு," என்றார் அக்கா.

வாத்தியார் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். முப்பது வருஷம் ஹாலில் நின்ற கண். "பாப்பா," என்றார், "நீ வெளிய போ."

போனேன். கதவைச் சாத்தினார்கள். சாவித்துவாரத்தில் காதை ஒட்டினேன். என் பிட் எல்லாம் இனி செல்லாது.

"மூணாவது. இது என்ன?"

அக்கா மூச்சு இழுக்கும் சத்தம் எனக்கே கேட்டது. ஒருதடவை. இன்னொரு தடவை. ஏதாவது சொல்லுங்கக்கா, ஆரஞ்சுன்னு சொல்லுங்க, பவுடர்னு சொல்லுங்க, குத்துமதிப்பா ஒண்ணைத் தட்டி விடுங்க.

"அண்ணே," என்றார் அக்கா. குரல் உடைந்திருந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியல. ஒண்ணுமே இல்ல."

முடிந்தது என்று நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டேன்.

"சபாஷ்," என்றார் வாத்தியார். "வெறும் கைதான் நீட்டினேன். குருட்டாம்போக்குல அடிக்கிறியான்னு பாத்தேன். மூக்கு நல்லாத்தான் இருக்கு."

வெளியே வந்தவர் என் முன்னால் நின்றார். "எந்த வகுப்பு?"

"பத்து சார்."

"எத்தனாவது தடவை?"

"ரெண்டாவது சார்."

"ஆச்சரியமே இல்ல," என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

உள்ளே அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரித்தார். சிரிப்பு ஒரு மாதிரி வளைந்து, வேறெங்கோ போய் முடிந்தது.

"உண்மையைச் சொல்லி ஜெயிச்சிருக்கேன்டி. மூணு மாசமா மூக்கு இல்ல எனக்கு."

"அப்படியாக்கா!" என்று வாயில் கை வைத்தேன். அந்த நடிப்புக்கு எனக்கு விருது கொடுக்கலாம் என்று நினைத்தேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அண்ணன் கெட்டவர் இல்ல. ஒன்பது வருஷம் அங்க இருந்தேன். மாடிப்படிக்குக் கீழ ஒரு இடம். கதவு கிடையாது, துணித்திரைதான். யார் வேணா எப்ப வேணா விலக்கி, இதை எடு, அதை வை, குழந்தையைப் பாருன்னு சொல்லலாம். திரையைத் தட்ட முடியாது பாரு. தட்டுனா சத்தம் வராது." கதவைக் காட்டினார். "இது வாடகைக் கதவுதான். ஆனா உள்ள வரணும்னா தட்டித்தான் ஆகணும். நீகூட பாதி நாள் தட்டிட்டுத்தான் வர்றே."

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "வெளிய யார்கிட்டயும் சொல்லலடி. சொன்னா கதவு போயிடும். ஆனா சொல்லாம இருந்தும் கொஞ்சம் போயிடுச்சு. வீட்டைத் திறந்தா இது நம்ம வீடுன்னு முதல்ல மூக்குதான் சொல்லும், தெரியுமா? இப்போ தினமும் சாயங்காலம் யார் வீட்டுக்குள்ளயோ நுழையற மாதிரி இருக்கு. தலகாணிகூட என்னுது இல்ல. காபியில வெறும் கசப்பும் சூடும் மட்டும். நுரை ஒண்ணுதான் மிச்சம். அதுக்கு மூக்கு வேண்டாம், உதடு போதும்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் தலையணையை முகர்ந்து பார்த்தேன். அம்மாவின் தலையணையையும். இரண்டும் சலவைக்கூட வாசனை. அறிவியல் புத்தகத்தில் மூக்கைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பத்து நாள் போனது. நேற்றைக்கு ஆறரைக்குப் போனேன். நுழைந்து வழக்கம்போல மூச்சை இழுத்து "ஆகா" என்று ஆரம்பித்தவள் நிறுத்தினேன். அடுப்பு இருந்த இடத்தில் தட்டையாக, கறுப்பாக ஒரு மின்சார அடுப்பு. சிலிண்டர் இருந்த மூலையில் வட்டமாகத் துருக்கறை மட்டும்.

"ஓட்டல்காரர் ஒருத்தர் தூக்கிப் போட இருந்தாரு. சுருளை மாத்துனேன், ஓடுது," என்றார் அக்கா. "பால் பொங்குனா தானா நின்னுடும். இனி வெடிக்கவும் வெடிக்காது, அண்ணன் வந்தாலும் பயமில்ல."

"சூப்பர்க்கா," என்றேன். நிஜமாகவே சூப்பர்தான். கதவு இனி அக்காவுடையதுதான். கேஸ் இல்லை. மூக்குக்கு வேலை இல்லை. வேலையை விட்டு நிறுத்தின ஆள்போல நடு வீட்டில் நின்றேன்.

களக் களக். பக்கத்தில் நின்று எண்ணினேன். அறுபது. அக்கா ஒரு டம்ளரை என் கையில் கொடுத்தார். வழக்கம்போல, "மொட்டை மாடியில காத்தாடக் குடிச்சாதான்க்கா எனக்கு இறங்கும்" என்று எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மாடிப்படித் திருப்பத்தில் செத்துப்போன செடி ஒன்று தொட்டியோடு நிற்கிறது. வழக்கம்போல அதன் தலையில் ஊற்றினேன். கொஞ்சம் நுரையை விரலில் எடுத்து மேலுதட்டில் மீசையாகப் பூசிக்கொண்டேன். விவரம் தெரிந்தவள் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். காலி டம்ளரோடு திரும்பினேன்.

"எப்படி இருந்துச்சு?"

"அமிர்தம்க்கா. இன்னிக்கு மத்த நாளைவிட ஒரு படி மேல. அந்தக் காபி வாசனை இருக்கே, அடடா!"

அக்கா நாற்காலியிலிருந்து நீலப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்து, ரப்பர் வளையங்களுக்கு நடுவிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் பையை எடுத்து மேடையில் வைத்தார். உள்ளே பழுப்பாக ஏதோ பொடி, அடியில் கொஞ்சம்.

"காபித்தூள் ஊறினா இறுகும். ரொட்டித்தூள் ஊறினா உப்பும்," என்றார். "அன்னிக்கு கூஜாவைக் கழுவும்போது சல்லடை பூரா கூழ். மூக்குதான்டி போச்சு, கண்ணு இருக்கே. எவ்ளோ மெஷின்ல அடைப்பு எடுத்திருக்கேன்! டப்பாவிலேர்ந்து கொஞ்சம் எடுத்து வச்சுக்கிட்டேன், எப்பவாவது உதவும்னு. மறுநாள் டப்பா தானா காபியாயிடுச்சு. அப்பவே தெரியும், உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு."

பையை எடுத்து முகர்ந்தேன். கருகல்.

"இன்னிக்கு உன் டம்ளர்ல நுரைக்கு அடியில கலந்தது அந்த ரொட்டித்தூள்தான். ஒரு வாய் குடிச்சிருந்தாலே கருகல் தெரிஞ்சிருக்கும். நீ அமிர்தம்ங்கறே." துண்டின் நுனியால் என் மீசையைத் துடைத்தார். "அந்தச் செடி செத்து ஆறு மாசம் ஆச்சு. தொட்டி மட்டும் தினமும் ஈரமா இருக்கு."

"அக்கா..."

"கரப்பானும் இல்ல. காபியும் உனக்குப் பிடிக்காது. கேஸும் போயாச்சு," என்று விரல்விட்டு எண்ணினார். "அப்புறம் நாளைக்கு என்ன சொல்லிக்கிட்டு வருவே?"

தப்பான பாடத்துக்குப் பிட் கொண்டுவந்த அதே நிலைமை.

அக்கா எழுந்து ஜாம் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தார். பெட்டியை மறுபடி நாற்காலிமேல் வைக்கப் போனவர், வைக்காமல் மூலையில் தள்ளினார்.

"நாளைக்கு ஆறரை வரைக்கும் நேரம் இருக்கு," என்றார். "நல்ல பொய்யா ஒண்ணு யோசிச்சுட்டு வா."